பாட்டிலில் முளைத்த இலை

“உள்ள இருக்கறவங்க நோகாம வளத்துக் குடுத்துடுவாங்க. சாகறது மட்டும் என் கையிலதான் வந்து சாகும்.”

காலையில் வேலைக்கு வந்து, வாசலில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் செருப்புக் காலை நனைக்கும்போதே ஷெட்டக்கா இதைச் சொல்லிவிடுவாள். கேட்க ஆள் இருந்தாலும் சொல்வாள், இல்லாவிட்டாலும் சொல்வாள். தேங்காய் நார்த்தூளை ஊறவைத்துப் பிழிகிற ஒருவர் அங்கே உண்டு. எல்லோருக்கும் அவர் நாரண்ணன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டே, “சங்கு ஊதியாச்சு, வேலைய ஆரம்பிங்கப்பா” என்பார். அவள் முறைப்பாள்.

அது செடிக்கன்று தயாரிக்கும் கம்பெனி. விதை போட்டு முளைக்க வைப்பதெல்லாம் கிடையாது. பூங்கொத்துக்கு நடுவில் தட்டு மாதிரி பெரிதாக ஒரு பூ நிற்குமே, ஜெர்பெரா, அந்தச் செடியின் குருத்தை மிளகளவு வெட்டி, கண்ணாடி பாட்டிலுக்குள் ஜெல்லியில் நட்டு வைப்பார்கள். ஒன்று நாலாகும், நாலு பத்தாகும். இதெல்லாம் நடப்பது உள்ளே, லேபில். வெள்ளை டைல்ஸ், ஏ.சி., தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி. அலமாரி அலமாரியாக பாட்டில்கள், மேலே டியூப்லைட். கன்று விரல் நீளம் வளர்ந்ததும் பாட்டிலோடு ஷெட்டுக்கு வரும். அதை வெளியே எடுத்து, வெளிக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் பழக்கி, நிஜமான செடியாக்கி அனுப்புவது ஷெட்டக்காவின் வேலை. நூறு வந்தால் நூறும் பிழைக்காது. செத்தவற்றைப் பிடுங்கிக் கூடையில் போட்டு சாயங்காலம் குப்பைக் குழிக்குக் கொண்டுபோவதும் அவளேதான். இத்தனை வருஷமாக வேலைக்குப் போய்வந்த ஒருத்தி தினமும் கடைசியாகச் செய்தது அதுதான் என்றால், அவள் வாய் எப்படி இனிக்கும்?

கன்று ஏன் சாகிறது என்று முதலில் அவளுக்குத் தெரியாது. தன் கை ராசிதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். லேப் மேடம்தான் ஒருநாள் டீ குடிக்க ஷெட் பக்கம் வந்தபோது உட்கார்ந்து விளக்கினார். லேபுக்கே தலைவி என்றாலும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காரத் தயங்காத மனுஷி.

“செடி இருக்கற எடத்துக்குத் தக்கபடிதான் இலை கட்டும் அக்கா. அடர்ந்த நிழல்ல இருந்தா இலை அகலமா, மெல்லிசா, கரும்பச்சையா வரும். கெடைக்கற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாம புடிக்கணும்ல. அதையே தூக்கி வெயில்ல வச்சா கருகிடும். வெயில்ல பொறந்த இலை சின்னதா, தடியா இருக்கும். வறண்ட எடத்துச் செடி இன்னும் உஷார். கத்தாழை பகல்ல இலைத்துளைய இறுக்கி மூடிக்கும். ராத்திரி குளுந்தப்பறம் திறந்து காத்த வாங்கி வச்சுக்கும். விடிஞ்சு வெளிச்சம் வந்ததும் அத வச்சு சமைக்கும்.”

“பகல்லாம் கதவச் சாத்திட்டு, கடன்காரன் போனப்பறம் கடைக்குப் போறவ மாதிரி.”

மேடம் சிரித்தார். “அதேதான். அன்னாசியும் அந்த ரகம்தான். ஆனா அதையே பாட்டில்ல வளத்தா அந்தப் பழக்கத்தையே விட்டுடுது. வெளிய வந்து கொஞ்சம் காஞ்சாதான் திரும்பப் புடிக்குது.”

“அப்போ நம்ம ஜெர்பெரா?”

“ஜெல்லில சர்க்கரை இருக்கு. வேர்லயே சாப்பாடு வந்துடுது. அப்பறம் இலை எதுக்கு சமைக்கணும்? பாக்கப் பச்சையா இருக்கும், ஒளிச்சேர்க்கை ஒழுங்கா பண்ணத் தெரியாது. பாட்டிலுக்குள்ள எப்பவும் ஈரம், அதனால இலைத்துளைய மூடவும் தெரியாது. தோல்ல மெழுகும் கிடையாது. வெளிக்காத்து பட்டா அரை மணில உள்ள இருக்கற தண்ணியெல்லாம் போயிடும்.”

“பழக்கினா கத்துக்காதா?”

“அந்த இலை கத்துக்காது அக்கா. பாட்டில்ல பொறந்த இலை கடைசி வரைக்கும் பாட்டில் இலைதான். வெளிய வந்தப்பறம் ஒரு புது இலை விடணும். அந்தப் புது இலை இந்த எடத்துக்குன்னு பொறந்தது. அது வர்ற வரைக்கும் பழசு தாக்குப்புடிச்சா செடி பொழைக்கும். இல்லன்னா இல்ல.”

அன்றிலிருந்து ஷெட்டக்காவுக்கு ஒளிச்சேர்க்கை என்றால் சமையல்தான். சமைக்கத் தெரியாத பிள்ளைகளைத் தன் தலையில் கட்டிவிடுகிறார்கள் என்று பேசுவாள். ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பாட்டிலிலிருந்து கன்றை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் வேரை அலசுவாள். ஜெல்லி துளி ஒட்டியிருந்தாலும் அதிலுள்ள சர்க்கரைக்குப் பூஞ்சை வந்துவிடும். அலசியதை நார்த்தூள் நிரப்பிய தட்டில் நட்டு, பிளாஸ்டிக் தாள் போர்த்திய தாழ்வான கூடாரத்துக்குள் வைப்பாள். அதை எல்லோரும் குடிசை என்பார்கள். குடிசைக்குள் எப்போதும் நீராவி மாதிரி ஈரம், பாட்டிலுக்குள் இருந்த மாதிரியே. பிறகு தாளின் ஓரத்தை முதலில் விரல் அகலம் தூக்குவது, நாலு நாள் பார்த்து கை அகலம் தூக்குவது, அப்புறம் முழங்கை அளவு. குடிசையிலிருந்து அடர்ந்த பச்சை வலைக்கு அடியில். அங்கிருந்து இழை விலகிய வலைக்கு அடியில். ஒவ்வொரு இடத்திலும் செடி ஒரு புது இலை விட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த இடத்துக்கு நகர்த்துவாள். அவசரப்படுத்தினால் மேனேஜருக்கும் அதே பதில்தான்: “இலை வரட்டும் சார், நீங்க வந்தா போதாது.”

அவளுக்குக் குடும்பம் என்று இருந்தது நாத்தனார் ஒருத்தி. புருஷன் அதே கம்பெனியில் கன்று ஏற்றிப் போகும் வேன் ஓட்டியவர். மஞ்சள் காமாலையை சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, வண்டியை ஷெட் வாசலில் நிறுத்தியவர் இறங்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். பிழைக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லை. மிஞ்சியது அவருடைய தங்கை. கல்யாணப் பேச்சு வருவதும் தட்டிப் போவதுமாகவே வயதாகிவிட்டவள். லேபில் ஜெல்லி காய்ச்சும் அறையில் அவளுக்கு வேலை. சர்க்கரை, உப்பு வகைகள், கடற்பாசித் தூள் எல்லாவற்றையும் நிறுத்துப் போட்டு, ஆள் உயரக் குக்கரில் வேகவைத்து, பாட்டிலில் ஊற்றி ஆறவிடுவாள். அந்த அறையை அங்கே எல்லோரும் அடுப்படி என்பார்கள்.

வீடு நாத்தனாருடையது. அப்பா காலத்து வீடு, இரண்டே அறை. ஒளிக்காமல் சொல்வதென்றால், ஷெட்டக்கா அங்கே இருந்ததற்கு உரிமை என்று ஒன்றும் கிடையாது. சுவரில் மாட்டியிருந்த புருஷன் படம்தான். அவளுடைய தம்பி வேறு ஊரில் இருந்துகொண்டு, “இங்க வந்துடுக்கா, அங்க யாருக்காக இருக்க?” என்று போன் பண்ணிக்கொண்டே இருப்பான். “வேலை இருக்குடா” என்று சொல்லி வைத்துவிடுவாள். தம்பிக்கு மட்டுமில்லை, நாத்தனாருக்கும், தனக்குமே அவள் சொல்லிக்கொண்ட காரணம் அது ஒன்றுதான். நாத்தனாருக்காக இருக்கிறேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வளையாது. இருங்க அண்ணி என்று வாய்விட்டுக் கேட்க நாத்தனாருக்கும் வராது. இரண்டு பேரும் ஒரே அச்சு.

அதனால் வீட்டில் பேச்சு என்பது பெரும்பாலும் சண்டைதான்.

“இன்னிக்கு ரெண்டு கூடை. உங்க லேப்புக்கு ஒரு கும்பிடு.”

“நாங்க பச்சப்பசேல்னுதான் அனுப்பினோம் அண்ணி.”

“பச்சையா இருந்தா போதுமா? உங்க அண்ணன்கூடத்தான் தங்கமா மின்னினாரு. உள்ள என்ன இருந்துச்சுன்னு ஆஸ்பத்திரில சொன்னாதான தெரிஞ்சுது.”

“எதுக்கெடுத்தாலும் அவர ஏன் இழுக்கறீங்க?”

“வேற யாரு இருக்கா எனக்கு இழுக்க? நோஞ்சானா அனுப்பறீங்கடி, அதான் சொல்றேன். ஒடம்புல கொஞ்சம் சதை இருந்தா தாக்குப்புடிக்கும்ல. காத்தடிச்சா படுத்துடுது.”

இப்படிச் சொல்லிவிட்டுத் தட்டில் இருப்பதைச் சாப்பிட்டு முடித்து, நாத்தனார் தட்டையும் சேர்த்துக் கழுவி வைப்பாள். அவள் பேசியது எதுவும் அவளுக்கே மறுநாள் நினைவிருக்காது. நாத்தனாருக்கு எல்லாம் நினைவிருக்கும். வினை அங்கேதான் விளைந்தது.

அந்த வருஷம் மேனேஜர் ஷெட்டுக்கு வந்து, கூடையை எட்டிப் பார்த்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். சாவு அதிகம். ஷெட்டை ஒரு ஒப்பந்தக்காரரிடம் விடலாம் என்று முதலாளி நினைக்கிறார். தண்ணீர் தெளிக்க மெஷின், தாளைத் தூக்க மெஷின், ஆளும் அவர்களே கொண்டுவருவார்கள்.

“அடுத்து மொத்தமா வர்ற லாட்ட பார்ப்போம்மா. அதுல சாவு குறைஞ்சுதுன்னா நானே மேல பேசறேன். இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல.”

“நாரண்ணன்?”

“நார் எல்லாருக்கும் வேணும்.”

நாரண்ணன் அன்று கிண்டல் எதுவும் செய்யவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பிழிந்ததையே திரும்பப் பிழிந்தார்.

வீட்டுக்கு வந்து ஷெட்டக்கா இதைச் சொன்னபோது காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “தம்பி கூப்பிட்டுட்டே இருக்கான். வேலையும் இல்லன்னா இங்க உக்காந்து என்ன பண்ணப் போறேன்” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார், அண்ணியின் புடவைகளை மட்டும் எடுத்து அலமாரியின் உள்தட்டில், தன் துணிகளுக்குப் பின்னால் வைத்தாள். ஷெட்டக்கா அதைக் கவனித்தாள், ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மறுநாளிலிருந்து அந்த லாட்டுக்கு ஜெல்லி காய்ச்சும்போதெல்லாம், தராசில் அளவு சரியாக நின்ற பிறகு, நாத்தனார் மேலே இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. வருஷக்கணக்காக ஒரு சிட்டிகை கூடக்குறையப் போடாதவள். அண்ணிதானே சொன்னாள், உடம்பில் சதை வேண்டும் என்று. தின்ன நிறையக் கொடுத்தால் பிள்ளை தேறாதா? வெளியே போய்க் கொஞ்ச நாள் பட்டினி கிடந்தாலும் சேர்த்து வைத்தது தாங்காதா? அடுப்படியில் வேலை பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மேடம் வாளிமேல் உட்கார்ந்து விளக்கியபோது அவள் ஷெட்டில் இல்லை. அண்ணியும் வீட்டில் வந்து அதைச் சொன்னதில்லை. திட்டுவதற்கே பொழுது சரியாக இருந்தது.

கன்றுகள் கொழுத்தன. பாட்டிலுக்கு வெளியிலிருந்து பார்த்தாலே தண்டு தடித்து, இலை பருத்து, கண்ணாடி மாதிரி பளபளவென்று நின்றன. மேனேஜர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, “இதான் கன்னு” என்றார். மேடம் மட்டும் ஒரு பாட்டிலைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரொம்பத் தண்ணி கோத்த மாதிரி இருக்கே” என்று சொன்னார். அந்த வாரம் அவருக்கு வெளியூர் வேலை. போய்விட்டார்.

லாட் ஷெட்டுக்கு வந்த அன்று ஷெட்டக்கா முதல் பாட்டிலைத் திறந்து கன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், “இந்த வாட்டி உங்க ஆளுங்க புண்ணியம் கட்டிக்கிட்டாங்கடி. கொழுகொழுன்னு இருக்கு ஒவ்வொண்ணும்” என்றாள். அவள் வாயிலிருந்து லேபைப் பற்றி நல்ல வார்த்தை வந்தது அன்றுதான். நாத்தனார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அன்றிரவு இரண்டு பேரும் சண்டை போடாமல் சாப்பிட்டார்கள்.

கன்று அலசும்போது தொட்டியின் சாக்கடை வாயில் எறும்பு மொய்த்தது. எப்போதும் நாலைந்து வரும். இந்தத் தடவை சுவர் விரிசலிலிருந்து கயிறு போட்ட மாதிரி வரிசை கட்டி வந்தது. தண்ணீரை ஊற்றித் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தாள். லாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்கிற அவசரத்தில் வேறு எதுவும் அவள் புத்தியில் ஏறவில்லை.

குடிசைக்குள் கன்றுகள் ராஜா மாதிரி நின்றன. தினமும் குனிந்து நடுக்குருத்தை விலக்கிப் பார்த்தாள். புது இலை இல்லை. மற்ற லாட் என்றால் இந்நேரத்துக்கு நாலில் ஒன்றாவது மூக்குத்தி அளவுக்குப் பச்சை காட்டியிருக்கும். இன்னும் கொஞ்ச நாள் விட்டாள். அப்போதும் இல்லை. மூடியே வைத்திருந்தால் பூஞ்சை பிடிக்கும் என்று பயந்து, தாளை விரல் அகலம்தான் தூக்கினாள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கும்போது ஓரத்து வரிசை முழுக்கச் சாய்ந்திருந்தது. வாடியது மாதிரி இல்லை. வெந்த கீரை மாதிரி, தட்டோடு தட்டாக ஒட்டிக் கிடந்தது. ஓடிப்போய்த் தாளை மூடித் தண்ணீர் தெளித்தாள். மறுநாள் நடு வரிசை. அதற்கு மறுநாள் சாம்பல் நிறத்தில் பூஞ்சை.

“விரல்தானே தூக்கின? நான் பாத்தேனே” என்றார் நாரண்ணன்.

“விரல்தான்.”

“அப்பறம் என்ன கேடு?”

அவள் ஒரு கன்றைப் பிடுங்கி இலையைக் கிள்ளினாள். தண்ணீர் கசிந்தது. இலை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை, தண்ணீர் நிரப்பின பை. இருந்த சர்க்கரையை இத்தனை நாளாகத் தின்று தீர்த்துவிட்டு, சமைக்கத் தெரியாமல் பசியில் நின்றிருக்கிறது. அன்று அவள் கூடை எடுக்கவில்லை. தட்டுகளை அப்படியே கைவண்டியில் ஏற்றிக் குழிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

வீட்டில் நாத்தனார் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஷெட்டக்கா கதவோரம் உட்கார்ந்து, அன்று நடந்ததைச் சொன்னாள். திட்டவில்லை. யோசித்து யோசித்துப் பேசினாள்.

“எல்லாம் எப்பவும் போலத்தான் பண்ணேன். ஒண்ணுதான் புரியல. இந்த லாட்ட அலசும்போது எறும்பு வந்துச்சு பாரு, அப்பப்பா, நான் பாத்ததே இல்ல அப்படி.”

அரிசி களைகிற சத்தம் நின்றுவிட்டது.

ஷெட்டக்கா நிமிர்ந்து அவள் முதுகைப் பார்த்தாள். முதுகே சொல்லிவிட்டது.

“என்னடி போட்ட?”

“சர்க்கரை.”

“எவ்ளோ?”

“ரெண்டு கரண்டி அண்ணி. ஒவ்வொரு தடவையும். நீங்கதான் நோஞ்சானா இருக்குன்னு சொன்னீங்க. தெம்பா இருந்தா பொழைச்சுக்கும்னு நெனச்சேன். பொழைச்சா நீங்க போக வேண்டாம்ல.”

“சர்க்கரை ஏற ஏற அது சமைக்கவே கத்துக்காதுடி. மேடம் தலை தலையா அடிச்சுக்கிட்டாங்க. கொஞ்சம் காயப் போட்டிருந்தாகூட பாதி பொழைச்சிருக்கும். ஊட்டி ஊட்டியே கொன்னுட்ட.”

“நீங்க அத சொல்லவே இல்லயே அண்ணி.”

அதுதான் நிஜம்.

“சரி, வாய மூடிக்கிட்டு இரு” என்றாள் ஷெட்டக்கா. “நீ அளவ மாத்தினன்னு தெரிஞ்சா உன்ன அன்னிக்கே வெளிய தள்ளிடுவாங்க. வேற எந்த லேப்லயும் சேக்க மாட்டாங்க. உனக்கு வேற என்ன தெரியும்? ஷெட்டு எப்படியும் போகப்போற ஷெட்டு. நான் பாத்துக்கறேன்.”

“நானே மேடம்கிட்ட சொல்லிடறேனே.”

“சொல்லாதன்னு சொன்னேன்.”

மறுநாள் மேனேஜர் அறையில் மேடமும் இருந்தார். அந்த அறைக்கும் லேப் வராந்தாவுக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர். வராந்தாவில் நாத்தனார் தொப்பியும் வாய்த்துணியுமாக, காலி பாட்டில் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் மட்டும்தான் தெரிந்தது.

“தாளை ஒரேடியா தூக்கிட்டேன் சார். சீக்கிரம் பழகட்டும்னு அவசரப்பட்டுட்டேன்.”

“நீங்களா?” என்றார் மேடம். “இத்தன வருஷத்துல அந்தத் தப்பு ஒரு தடவகூட பண்ணதில்லயே அக்கா.”

“இந்த வாட்டி பண்ணிட்டேன்.”

“அவ்ளோதானா? வேற ஒண்ணும் இல்லயா?”

“அவ்ளோதான் மேடம்.”

மேடம் அவளையே பார்த்தார். அப்புறம், ஏனோ, கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சந்தேகத்துக்கு ஒரு அத்தாட்சியும் இல்லை. அந்த லாட்டில் ஒரு பாட்டில்கூட மிச்சமில்லை, எல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. “நான் என்னம்மா பண்ணட்டும்” என்றார். அந்த மாதக் கடைசியோடு ஷெட் கைமாறுகிறது என்று முடிவானது.

சொல்லாதே என்று சொன்னது ஷெட்டக்காவின் வாய். ஆனால் அந்த அறையில் நின்ற நேரம் முழுக்க, கதவு திறக்கும், தொப்பியும் துணியுமாக அவள் உள்ளே வந்து, நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தாள். சொல்லியிருந்தால் ஷெட்டக்கா உடனே மறுத்திருப்பாள், அவளுக்குப் பைத்தியம் சார் என்று அடித்துப் பேசியிருப்பாள். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைக் காதால் கேட்டிருந்தால் போதும், அந்த வீட்டிலேயே கிடந்திருப்பாள். கதவு திறக்கவில்லை. வெளியே வந்து பார்த்தபோது வராந்தாவில் கூடையும் இல்லை, ஆளும் இல்லை.

நாத்தனாரைக் கேட்டால் அவள் பக்கமும் நியாயம் இருக்கும். அண்ணி கிழித்த கோட்டை ஒருநாளும் தாண்டாமல் வளர்ந்தவள். சொல்லாதே என்றால் சொல்லக்கூடாது என்றுதான் அவளுக்குப் பொருள்.

மாதம் முடிந்தது. ஷெட்டக்கா அலமாரியின் உள்தட்டிலிருந்து தன் புடவைகளை எடுத்துப் பையில் அடுக்கினாள். புருஷன் படத்தைக் கழற்றலாமா என்று கை வைத்தாள், விட்டுவிட்டாள். அவருக்கு அந்த வீட்டில் உரிமை இருக்கிறது.

“வேலையில்லன்னாலும் இருக்கலாமே அண்ணி” என்றாள் நாத்தனார். எத்தனையோ வருஷமாக வராத வார்த்தை அன்றைக்கு வந்தது.

“இருந்தா பேசிட்டே இருப்பேன்” என்றாள் ஷெட்டக்கா. “நான் பேசினா நீ என்ன பண்ணுவன்னு பாத்தாச்சு.”

பேசிய பிறகு அவளுக்கே அது அதிகம் என்று தோன்றியது. ஆனால் எடுத்த பையைக் கீழே வைக்க அவளுக்குத் தெரியாது. தம்பி வாசலில் ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தான்.

இப்போது தம்பி வீட்டில் பின்பக்க அறை அவளுக்கு. ஜன்னலுக்கு எதிரே ஒரு முழத் தூரத்தில் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். தம்பி மனைவி குறை வைக்கவில்லை, சோறு வேளைக்கு வருகிறது. வேலைதான் இல்லை. சமையலறைக்குப் போனால், “நீங்க உக்காருங்க அண்ணி” என்கிறாள். மரியாதையாகத்தான் சொல்கிறாள். கேட்கிறவளுக்குத்தான் அது போ வெளியே என்று விழுகிறது. தம்பி ஒரு மணிபிளான்ட் வாங்கி வந்து ஜன்னலில் வைத்தான். வந்த வேகத்தில் இலை மஞ்சளடித்து ஒவ்வொன்றாக உதிர்ந்தது. “இருட்டுக்குன்னு பொறந்த இலை வரணும்டா, அதுவரைக்கும் தண்ணிய ஊத்தித் தொலைக்காத” என்று சொல்லிவிட்டு அதன் பக்கம் திரும்பவே இல்லை. அது பிழைத்ததா என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை.

நாரண்ணன் ஒரு தடவை வந்திருந்தார். ஷெட்டில் மெஷின் ஓடுகிறதாம், சாவு கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். அவர் அதை ஒளிக்காமல் சொன்னதுதான் அவளுக்குப் பிடித்தது. குழியில் கொட்டிய அந்த லாட்டில் ஒரு கைப்பிடி கன்று, குப்பைமேட்டு நிழலில், பழைய இலையெல்லாம் அழுகி விழுந்த பிறகு, சின்னதாக ஒரு இலை விட்டிருந்ததாம். பார்த்துவிட்டு வந்து சொன்னார். “எடுத்து வச்சீங்களா?” என்று கேட்டாள். “மறுநாள் லாரி வந்து அள்ளிட்டுப் போயிடுச்சு” என்றார். அவள் தலையாட்டினாள்.

நாத்தனார் இன்றைக்கும் அந்த இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள், அடுப்படியில் அளவு பிசகாமல் ஜெல்லி காய்ச்சுகிறாள். அண்ணியைப் பார்க்க இதுவரை போகவில்லை. தம்பி ஊர்ப் பேருந்து நிலையம் வரைக்கும் வந்து திரும்பிப் போனதாகப் பேச்சு. அண்ணியும் போன் போடவில்லை. இரண்டு பேரில் யாராவது முதலில் இறங்கி வருவார்கள் என்று காத்திருந்தால் ஆயுசு போதாது.

அதனால் ஷெட்டக்காவைத் தெரிந்தவர்கள், அவள் கையில் பழகிய செடியை வீட்டில் வைத்திருப்பவர்கள், யாராக இருந்தாலும் ஒரு நடை போய்வாருங்கள். அதே பேருந்து நிலையத்துக்குப் பின்தெரு, சலவைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போன பிறகு, முற்பகலில் போனால் அவள் தனியாகத்தான் இருப்பாள். பாவம் என்ற முகத்தோடு போகாதீர்கள், கதவிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். எதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தவர்கள் மாதிரி உட்காருங்கள். எழுந்திருக்கும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் இருங்க என்று அவள் சொல்லமாட்டாள். அவள் சொல்லாவிட்டாலும் இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டு வாருங்கள்.